சன்னலுக்கு வெளியே கேட்ட உம்

இலங்கையில் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருந்துக்காரனாக இருந்தேன். டிஸ்பென்சர் என்பது உத்தியோகப் பெயர். துரை அப்படித்தான் கூப்பிடுவார். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் கூலி ஜனங்களுக்கு நான் டாக்டர் ஐயா. பதுளை ஆஸ்பத்திரியின் நிஜ டாக்டர் தோட்டத்தைப் பார்வையிட வருகிற நாட்களில் மட்டும், அவர் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று எல்லோரும் என்னை மருந்து ஐயா ஆக்கிவிடுவார்கள். இன்னொரு பெயரும் எனக்கு இருந்தது. கதைக்கார ஐயா. நான் உள்ளூர ஆசைப்பட்டதெல்லாம் அந்தப் பெயருக்குத்தான். மருந்து என் பிழைப்பு. கதை என் கர்வம்.

அந்தக் கர்வத்தால் ஒரு பெண் செத்தாள். யாரும் என்னைக் குற்றவாளி என்று சொன்னதில்லை. நோயாளிகள் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே காய்ச்சல் என்று எழுதியிருக்கிறது. எழுதியவன் நான்தான், அது பொய்யும் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் சௌக்கியமாக இருந்து கிழமாகிவிட்டது, கெட்டது வேறொருத்தி.

எல்லாம் காகிதத்தில் ஆரம்பித்தது. பொடி மருந்தை மடித்துக் கொடுக்கக் காகிதம் வேண்டும். தோட்டத்துக் கந்தோரில், அதாவது ஆபீசில், கேட்டால், கடுதாசி என்ன மரத்திலா காய்க்கிறது என்பார்கள். துரை பங்களாவில் சமையல் பார்த்த ஆளுக்கு முழங்கால் வலி. நான் தைலம் அனுப்புவேன். அவர் துரை படித்துப் போட்ட இங்கிலீஷ் சஞ்சிகைகளைக் கட்டாகக் கட்டி அனுப்புவார். கத்தரிக்கோல் வைப்பதற்கு முன்னால் வாசித்துவிடுவேன். சீமையில் அப்போது கதை மோகம் தலைக்கேறியிருந்தது போலும். பேய் பிடித்த கலங்கரை விளக்கம், ஆளில்லாமல் வரும் கப்பல், சந்திரனில் நிலம் எடுத்து உழப்போன கூட்டம், மனிதனைப் போலவே இருமும் யந்திரம் என்று எழுதித் தள்ளியிருந்தார்கள். நான் திருச்சிப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பேயெல்லாம் பொய் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனாலோ என்னவோ எனக்குப் பேய்க்கதை என்றால் உயிர்.

என் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது. எங்கள் வீடும் டிஸ்பென்சரியும் ஒரே தகரக் கூரையின் கீழ், நடுவில் ஒரு பலகைச் சுவரோடு இருந்தன. அவள் அந்தப் பக்கம் வெங்காயம் உரிப்பாள். நான் இந்தப் பக்கம் பொடி மடித்துக்கொண்டே வாசித்ததைத் தமிழில் உரக்கச் சொல்லுவேன். கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் மருந்துக்கு வருகிற சாயங்கால நேரம் அது. ஊவா மலைக்காற்று ஒரு வீச்சில் பொடியையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும் என்பதால் சன்னல் பலகையைச் சாத்தியே வைத்திருப்பேன். தட்டினால் திறந்து கொடுப்பேன், மறுபடி சாத்திவிடுவேன்.

ஒரு நாள் கதையைப் பாதியில் விட்டுவிட்டு மருந்து கலக்கத் தொடங்கினேன். சன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் "அப்பறம்?" என்றது. திறந்து பார்த்தால் ஏழெட்டுப் பெண்கள் கொழுந்துக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மருந்து வாங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. என்னைக் கண்டதும் தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தபடி ஓடிவிட்டார்கள். மறுநாள் பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

உத்தியோகத்தில் இருக்கிறவர்கள் லயத்து ஆட்களோடு உட்கார்ந்து பேசக்கூடாது என்பது துரையின் கட்டளை. கட்டளையை யாரும் மீறவில்லை. நான் உள்ளே என் மனைவிக்குக் கதை சொன்னேன். அவர்கள் வெளியே மருந்துக்குக் காத்திருந்தார்கள். சன்னல் சாத்தியிருந்தது. துரையே குதிரையில் வந்தாலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கங்காணிமார்கூட இதைக் கண்டும் காணாமல் இருந்தார்கள். சளியே இல்லாதவர்கள் இருமல் மருந்துக்கு வந்தார்கள் என்பது மட்டும் என் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும்.

இப்படியாக என் கதையைக் கேட்டவர்கள் என் குரலை மட்டும் கேட்டார்கள். நானும் அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை. வளையல் சத்தம், இருமல், சிணுங்கும் பிள்ளையை அதட்டும் சத்தம், பயம் வருகிற இடத்தில் எல்லாம் அடங்கிப்போகிற அமைதி. அந்த அமைதி எனக்குக் கள் மாதிரி. அதை ஒரு தடவை ருசித்தவன் விடமாட்டான்.

கதை என்றால் ஒருவர் உம் கொட்ட வேண்டும். அது இல்லாமல் சொல்லுகிறவனுக்கு நாக்கு ஓடாது. என் மனைவி உம் கொட்டுகிற ஜாதி இல்லை, "அது கெடக்கட்டும், உப்பு வாங்கியாந்தீங்களா?" என்பாள். வெளியே ஒரு குரல் அந்த வேலையைத் தானாக எடுத்துக்கொண்டது. நான் மூச்சு விடுகிற இடம் பார்த்துச் சரியாக உம் என்று விழும். சிரிப்பு வருகிற இடத்தில் அந்த உம் கொஞ்சம் நீளும். பயமான இடத்தில் சற்றுத் தாமதித்து, தொண்டைக்குள்ளிருந்து வரும். யாருடைய குரல் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பெண் அது என்று ஒரு ஆம்பிளை விசாரிப்பது அழகில்லை. ஆனால் போகப்போக நான் அந்த ஒரு உம்முக்காகவே கதை சொல்ல ஆரம்பித்தேன். இதை என் மனைவியிடம் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

கேள்விகளும் வரும். சந்திரனில் நிலம் எடுத்த கதையைச் சொன்ன அன்று அந்தக் குரல்தான் கேட்டது.

"அங்கயும் பெரட்டுக் களம் உண்டாங்க?"

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்குத்தான் பெரட்டுக் களம் என்று பெயர். உண்டு என்றேன்.

"அப்ப அங்க போயி என்னாத்துக்குங்க? இங்கயே இருந்துக்கலாம்."

வெளியே ஒரே சிரிப்பு. உள்ளே என் மனைவியும் சிரித்தாள்.

காகிதக் கதையில் ஒரு சங்கடம் உண்டு. சில நாள் முன்பக்கம் இருக்கும், பின்பக்கம் இருக்காது. கலங்கரை விளக்கத்துப் பேய்க் கதையின் முடிவு, எட்டாம் லயத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்தாகப் போய்விட்டது. முதல் தடவை திண்டாடினேன். பிறகு நானாக ஒரு முடிவு கட்டிச் சொன்னேன். வெளியே அமைதி வந்தது, உம் வந்தது. சீமைக்காரன் எழுதியதைவிட நான் கட்டியது நன்றாக இருக்கிறது என்று எனக்கே தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு முடிவு கைவசம் இருந்தாலும் நான் அதைப் படிப்பதில்லை.

மருந்துச் சாமான் எடுக்க மாதம் ஒரு முறை பதுளைக்குப் போவேன். கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் வியாபாரி எனக்குச் சிநேகிதர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் நானா என்று கூப்பிடுவேன். துணிக்கடைதான் வைத்திருந்தார், ஆனால் கொழும்பில் எது புதிதாக வந்தாலும் அவருக்கு அது வேண்டும். ஒரு தடவை போனபோது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பேசும் பெட்டி இருந்தது. மெழுகு உருளை ஒன்று சுற்றுகிறது. அதிலிருந்து வரும் இரண்டு ரப்பர் குழாயைக் காதில் செருகிக்கொண்டால் ஒருவர் பாடுகிறார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"இத பாடின மனுசன் மௌத்தாகி ரெண்டு வருசமாம் டொக்டர். மூச்சு மட்டும் இதுக்குள்ள நிக்கிது" என்றார்.

"பயமா இருக்கு நானா."

"மொகம் தெரியாத சத்தம் எண்டா அப்படித்தான். மனுசன் அத சட்டுண்டு நம்பிருவான். நான் மொகத்தக் காட்டிச் சாமான் விக்கிறன், ஒருத்தனும் நம்புறான் இல்ல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பசறைக்குத் திரும்புகிற மாட்டு வண்டியில் என் புத்தி முழுக்க அந்த மெழுகு உருளையையே சுற்றியது. ஏற்கெனவே என்னிடம் ஒரு கதையின் முதல் இரண்டு பக்கம் இருந்தது. குளிர் தேசத்து டாக்டர் ஒருவர் மனிதனின் மூச்சைத் தராசில் நிறுத்துப் பார்க்க வழி கண்டுபிடிக்கிறார். அதற்குமேல் பக்கம் இல்லை. குரலை மெழுகில் பிடிக்கலாம் என்றால் மூச்சைக் கண்ணாடியில் பிடிக்கலாமே என்று எனக்குப் பட்டது. வண்டி தோட்டத்து வாசலில் நிற்பதற்குள் கதையின் பெரும்பகுதி கட்டியாகிவிட்டது.

கண்ணாடி டாக்டர் என்று அவருக்குப் பெயர் வைத்தேன். ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்ப்பார். நோயாளியின் நாக்குக்கு அடியில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயை வைப்பார். உள்ளே வெள்ளி இழை ஒன்று மெதுவாக ஏறும். ஏறுவது அந்த ஆளின் மூச்சு. பாதி மூச்சைக் குழாயில் இழுத்துப் போத்தலில் அடைத்துக்கொண்டு, உடம்பு சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்த ஆள் நாலு நாள் நடமாடிவிட்டு ஐந்தாம் நாள் உட்கார்ந்த இடத்தில் சாய்வார். டாக்டர் வீட்டு அலமாரியில் போத்தல்கள் வரிசையாக இருந்து சன்னமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

கண்ணாடிக் குழாயை நான்தான் உள்ளே வைத்தேன். சஞ்சிகையில் தராசுதான் இருந்தது. கேட்கிறவர்களுக்குத் தெரிந்த சாமான் ஒன்றைக் கதைக்குள் வைத்தால் கதை ஒட்டிக்கொள்ளும் என்று அனுபவத்தில் கண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் தெர்மாமீட்டரைப் பார்க்காதவர் யாரும் இல்லை. பாதரசம் ஏறுவதையும் பார்த்திருக்கிறார்கள். முதல் நாள் அந்த இடத்தைச் சொன்னபோது வெளியே அப்படி ஓர் அமைதி. உம் வரவேயில்லை. வெகுநேரம் கழித்து, ரொம்பச் சன்னமாக வந்தது. அன்று நான் இரண்டு கவளம் சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

கதை அனுமார் வால் மாதிரி நீண்டது. பக்கத்து டிவிசனிலிருந்தும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். முடிவு என் மனதில் தயாராக இருந்தது. டாக்டரின் சொந்த மகளுக்கே நோய் வருகிறது. அவர் மனம் திருந்திப் போத்தல்களையெல்லாம் உடைக்கிறார், அவரவர் மூச்சு அவரவரிடம் போய்ச் சேருகிறது, சாய்ந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்காருகிறார்கள். அன்றிலிருந்து அந்தக் குழாய் காய்ச்சலை மட்டும் பார்க்கும், மூச்சைத் தொடாது. இதுதான் முடிவு. அரை மணியில் சொல்லிவிடலாம்.

அது ஆடி மாதம். தோட்டத்திலிருந்து ஒரு கூட்டம் கதிர்காமத்துக்கு நடந்து போய்த் திரும்பியிருந்தது. கீழ்நாட்டுக் காட்டில் நடந்து வருகிறவர்களில் பத்துக்கு மூன்று பேருக்காவது காய்ச்சல் வரும். முருகனைப் பார்த்த புண்ணியத்தோடு அதையும் சுமந்து வருவார்கள். கொயினா மருந்து கொடுத்தால் கேட்கும். கொயினாவோ அளவாகத்தான் வரும். ஆகவே நான் ஒரு விதி வைத்திருந்தேன்: தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக் காய்ச்சல் என்று தெரிந்தால்தான் கொயினா. ஆண்களுக்குக் கக்கத்தில் வைப்பேன். பெண்களுக்கு வாயில், அந்நிய ஆள் அவர்கள் கக்கத்துக்குப் போவது முறையில்லை.

அந்த வருஷம் ஆண்கள் வந்தார்கள், பெண்கள் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் குழாயைக் கையில் எடுத்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு கிழவி, "நான் ஏற்கெனவே அரை மூச்சுல இருக்கேன் ஐயா, என்னய விட்டுருங்க" என்றாள். நானும் சிரித்தேன், அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். எனக்குக் கவலை வரவில்லை. என் கதை எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பூரிப்புதான் வந்தது.

என் மனைவிக்குக் கவலை வந்தது. அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"பொம்பளைங்க ஒருத்தியும் குழாயை வாங்க மாட்டேங்கிறாளுகளே. எல்லாம் சும்மா கதை, பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

"பொய்யின்னு சொல்லிட்டா எவ கேப்பா? முடிவுல டாக்டர் நல்லவனாயிருவான். அப்பத் தானாச் சரியாயிரும்."

"முடிவு எப்ப வரும்?"

"ரெண்டு மூணு நாள்ல."

"அத இன்னைக்கே சொல்லுங்களேன்."

அன்றைக்குச் சொல்லவில்லை. அன்று கூட்டம் அதிகம். மகளுக்கு நோய் வருவதற்கு முன்னால் இன்னொரு ஊரைச் செருகினேன். அதற்கடுத்த நாள் இன்னோர் ஊர்.

அந்த நாட்களில்தான் அந்த உம் தடுமாற ஆரம்பித்தது. ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. அதற்கடுத்த நாள் வரும். பிறகு மறுபடி இருக்காது. அது இல்லாத நாளில் வேறு யாராவது உம் கொட்டுவார்கள், ஆனால் இடம் தப்பி விழும். எனக்கு எரிச்சலாக வரும். அவளுக்குக் கதை சலித்துவிட்டது என்று நினைத்தேன். வேலையில்லாத நாளில் வருகிறாள், மற்ற நாளில் அடுப்பு முக்கியமாகிவிட்டது என்று எனக்கு ரோஷம். அவளைத் திரும்ப இழுக்க வேண்டும் என்று கதையை இன்னும் பயமாக்கினேன். டாக்டர் இப்போது வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். வேண்டாம் என்கிறவர்களின் பல்லை விலக்கிக் குழாயைச் செருகினார்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள். நான் மருந்துக்காரன். கதிர்காமக் காய்ச்சல் எப்படி வரும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மத்தியானம் குளிர் எடுக்கும், சாயங்காலம் அனலாய்க் கொதிக்கும், பொழுது இறங்க வியர்த்து அடங்கும், மறுநாள் ஆள் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து வேலைக்குப் போவார், அதற்கு மறுநாள் திரும்ப வரும். முறைக்காய்ச்சல் என்று அதற்குப் பெயரே உண்டு. அந்த முறை என் சன்னலுக்கு வெளியே, என் காதுக்கு நேராக, இரண்டு வாரம் கேட்டுக்கொண்டிருந்தது. நாடி பிடித்து நோய் சொல்லுகிறவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 

ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணி இருக்கும். சாக்கில் இரண்டு கம்பைச் செருகிக் கட்டி, அதில் ஒரு பெண்ணைப் படுக்க வைத்துத் தூக்கி வந்தார்கள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் நிரையிலேயே விழுந்துவிட்டாளாம். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். கதிர்காமத்தில் நேர்ந்து மொட்டை போட்டிருந்த தலையில் முடி அரை அங்குலம் வளர்ந்திருந்தது. உடம்பு நெருப்பு. கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது. பல் கிட்டியிருந்தது. கூட வந்தவள் அவளுடைய நாத்தனார்.

"எத்தன நாளாக் காய்ச்சல்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாரமிருக்குங்க. ஒரு நா விட்டு ஒரு நா."

"ஏன் இங்க கூட்டியாரல?"

"கூப்புட்டேங்க. வரமாட்டேன்னுட்டா. கண்ணாடிய வச்சா மூச்சப் புடிச்சுக்குவாங்கன்னா. மொதல்ல வீட்டுக்குத் தூரம்னு சொல்லிக்கிட்டு ஒதுங்கி உக்காந்திருந்தா. யாரும் கிட்டப் போக மாட்டோமுங்களே. அப்பறம் அசதின்னா. எங்க அண்ணனுக்கு மத்தியானத்துலருந்து இஸ்டோருல வேலைங்க, அது திரும்பி வர்றதுக்குள்ள சூடு எறங்கிரும்."

தேயிலை ஆலையைத்தான் இஸ்டோர் என்பார்கள். அண்ணன் என்றது சாக்கில் கிடந்தவளின் புருஷனை. அவன் எனக்கு ஞாபகம் வந்தான். அவனும் கதிர்காமம் போய் வந்தவன். பத்து நாள் முன்னால் காய்ச்சலோடு வந்து, கக்கத்தில் தெர்மாமீட்டரை வாங்கிக்கொண்டு, என் கையால் கொயினா வாங்கிக் குடித்துத் தேறிப்போனான். அதே பாதையில் அதே கூட்டத்தோடு நடந்தவள் இவள்.

"அவதாங்க ஒங்க கதைக்கு உம் கொட்டுறது" என்றாள் நாத்தனார். என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆளை எனக்கு அடையாளம் தெரியட்டும், கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பேன் என்று சொன்னாள்.

கொயினாவைக் கரைத்து, கரண்டிக் காம்பால் பல்லை நெம்பி ஊற்றினேன். உள்ளே இறங்கவில்லை, கடைவாயில் வழிந்தது. நான் வாயைத் திறக்கப் போகிறபோதெல்லாம் நினைவில்லாத அந்த நிலையிலும் அவள் தலையைத் திருப்பினாள். என் மனைவி அவள் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, மருந்துதான், வெறும் மருந்துதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பேச்சு அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. கந்தோருக்கு ஆள் அனுப்பி மாட்டு வண்டி வரவழைத்து, வைக்கோல் பரப்பி, பதுளை ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பினேன்.

பதுளைக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் பிடிக்கும். சாயங்காலம் நாலு மணிக்கே வண்டி திரும்பி வருவதைச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். மாடுகள் அவசரமில்லாமல் வந்தன.

அன்று மருந்துக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாள் நாலைந்து பெண்கள் வந்து வழக்கம்போலச் சன்னலுக்குக் கீழே உட்கார்ந்தார்கள். துக்கத்தைக் கொஞ்சம் மறக்கலாம் என்று வந்திருப்பார்கள். நான் சன்னலைத் திறந்து, தெர்மாமீட்டரை எடுத்து அவர்கள் முன்னாலேயே என் வாயில் வைத்துக் காட்டினேன். பிறகு என் மனைவி வாயில் வைத்தேன். இது காய்ச்சலைப் பார்க்கும், அவ்வளவுதான், மற்றதெல்லாம் நான் கட்டிவிட்டது என்று சொன்னேன். ஒருத்தி முன்னால் வந்து வாயைத் திறந்தாள். அவளுக்கும் காய்ச்சல் இருந்தது. கொயினா கொடுத்தேன், பிழைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷ வேலை. இதைத்தான் இரண்டு வாரமாக ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் புருஷன்காரன் வந்தான். இஸ்டோருக்குப் போகிற வழி. சட்டைக்கு மேலே சாக்கைப் போர்த்தியிருந்தான், தூறல். அவன் சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். வந்தால் நல்லது என்றுகூட இருந்தது. உள்ளே வா என்றேன். வரவில்லை, வாசலிலேயே நின்றான்.

"ஐயா ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அந்தக் கண்ணாடி டாக்டரு கதை எப்பிடி முடியுதுங்க?"

எதற்கு என்று கேட்டேன்.

"அவ கேட்டுக்கிட்டே இருந்தா. அசதின்னு படுத்துக் கெடக்கையில, நீ போயி என்னா ஆச்சுன்னு கேட்டுக்கிட்டு வந்து சொல்லுன்னா. எனக்கு அந்நேரத்துக்கு இஸ்டோருல வேல. இன்னும் முடியல, இன்னும் முடியலன்னு தங்கச்சிதான் வந்து சொல்லுவா. கேட்டு வச்சுக்கிட்டா ஒரு நிம்மதிங்க."

அவனுக்குச் சொன்னேன். டாக்டரின் மகளுக்கு நோய் வந்ததையும், அவர் அழுததையும், போத்தல்களை ஒவ்வொன்றாக உடைத்ததையும், மூச்சுகள் அவரவர் வீடு தேடிப் போனதையும் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. அன்றிலிருந்து அந்தக் குழாய் காய்ச்சலை மட்டும் பார்க்கும், மூச்சைத் தொடாது என்று முடித்தேன். என்ன ஏது என்று கேட்காமல், கடைசி வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"அம்புட்டுத்தானுங்களா?" என்றான்.

"அம்புட்டுத்தான்."

அவன் சாக்கிலிருந்த தூறலை உதறினான்.

"இத முந்தியே சொல்லியிருந்தீங்கன்னா அவ வாயத் தொறந்திருப்பாங்க."

"ஆமா" என்றேன்.

வர்றேங்க என்று சொல்லிவிட்டு, சாக்கைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டு இஸ்டோர்ப் பாதையில் இறங்கிப் போனான்.